சீரம் புட்டிக்குள் என்ன இருக்கிறது? கஞ்சித் தண்ணீரும் பழுப்பு மருந்தும் வைத்துக் கண்டுபிடிக்கலாம்

தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கவுண்டருக்கு வரும் கேள்விகள் காய்ச்சலையும் சர்க்கரையையும் பற்றியே இருக்கும். இப்போது மூன்றில் ஒன்று முகத்துக்குப் போடும் சீரத்தைப் பற்றியது. போன தை மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கணக்கு எழுதுகிறவள். விடியற்காலை வேலைக்குப் போய், பதினொரு மணி வெயிலில் வீடு திரும்புகிறவள். இரண்டு கன்னத்திலும் மங்கு இலேசாகப் படரத் தொடங்கியிருந்தது. பையிலிருந்து மூன்று புட்டிகளை எடுத்துக் கவுண்டரில் வரிசையாக வைத்தாள்.

"அக்கா, மூன்றிலும் வைட்டமின் சி என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்று 300 ரூபாய், ஒன்று 650, ஒன்று 1,800. இதில் எது உண்மை?"

எது நல்லது என்று அவள் கேட்கவில்லை. எது உண்மை என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப்போனது. அன்று அவளுக்குச் சொன்னதையும், அடுத்த மூன்று மாதம் அவள் செய்து பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வெயிலும் புகையும் தோலில் படும்போது ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் நிலையில்லாத மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை எலக்ட்ரான் தேடி அலைகிற திருடர்கள். பக்கத்தில் இருக்கும் கொழுப்பிலிருந்தும் புரதத்திலிருந்தும் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். ஆன்டிஆக்சிடன்ட் என்பது தன் எலக்ட்ரானைத் தானே முன்வந்து கொடுத்து அவற்றை அடக்கும் பொருள். கொடுத்தபின் தான் கெட்டுப்போகும். இங்கேதான் சிக்கல். தோலில் நடக்க வேண்டிய இந்தக் காரியம் புட்டிக்குள்ளேயே நடந்துவிடலாம். மூடியைத் திறக்கும்போது நுழைகிற காற்று போதும், சன்னல் வெளிச்சம் போதும், சித்திரை மாத வெக்கை போதும். எந்தக் குணத்துக்காக அதை வாங்குகிறோமோ அந்தக் குணத்தாலேயே அது கெடும். ஆகவே புட்டியிடம் கேட்க வேண்டியவை மூன்று: சொன்ன பொருள் உள்ளே இருக்கிறதா, இன்னும் உயிரோடு இருக்கிறதா, என் முகத்தில் ஏதாவது செய்ததா.

முன்பக்கத்தைத் திருப்பி வையுங்கள்

புட்டியின் முன்பக்கம் விளம்பரம் எழுதுகிறவருடையது. பின்பக்கம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதன் பின்னால் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். இந்த இரண்டாவது சலுகையில்தான் வித்தை எல்லாம் நடக்கிறது. 0.01 சதவீதம் இருக்கும் கிரீன் டீ சாற்றை 0.9 சதவீதம் இருக்கும் வேறொன்றுக்கு முன்னால் எழுதினாலும் குற்றமில்லை.

அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று லேபிள் சொல்லாது. நாம்தான் ஊகிக்க வேண்டும். அதற்கு எளிய அடையாளம் பீனாக்சிஎத்தனால். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் இந்தப் பொருளை 1 சதவீதத்துக்கு மேல் போட அனுமதியில்லை. பட்டியலில் அதைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வையுங்கள். விரலுக்குப் பின்னால் வருகிறவை அநேகமாக எல்லாம் 1 சதவீதத்துக்குள் அடக்கம்.

அவளுடைய 300 ரூபாய்ப் புட்டியை இப்படிப் படித்தோம். நீர், கிளிசரின், நியாசினமைடு, புரொப்பேனிடையால், பீனாக்சிஎத்தனால், சாந்தன் கம், சோடியம் ஹையலுரோனேட், ஆரஞ்சுப் பழச்சாறு, அஸ்கார்பிக் அமிலம், வாசனை, மஞ்சள் நிறமி. முன்பக்கத்தில் கட்டைவிரல் அளவு எழுத்தில் வைட்டமின் சி. பின்பக்கத்தில் அது அஸ்கார்பிக் அமிலம் என்ற பெயரில் பீனாக்சிஎத்தனாலுக்கு நான்கு இடம் தள்ளி, வாசனைக்கு முன்னால் ஒண்டிக்கொண்டு நின்றது. சாம்பாரில் முருங்கைக்காயைக் காட்டிவிட்டு எடுத்துவிட்ட கதை. மஞ்சள் நிறமி எதற்கு என்று அவள் கேட்டாள். ஆரஞ்சு ஞாபகம் வருவதற்கு. அதோடு, நாளானால் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கும். ஆனால் அந்தப் புட்டி முழு ஏமாற்று என்றும் சொல்ல மாட்டேன். மூன்றாவது இடத்தில் நியாசினமைடு இருக்கிறது. அது வைட்டமின் பி3. நிறமி தோலின் மேலடுக்குக்கு ஏறிப் போவதைக் குறைக்கும். 5 சதவீத அளவில் நடந்த ஆய்வுகளில் கரும்புள்ளி ஓரளவு மங்கியிருக்கிறது. நியாசினமைடு சீரம் என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் வீண் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபெரூலிக் அமிலம் என்ற இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட் 0.5 சதவீதத்திலேயே வேலை செய்யும். ஹையலுரோனேட்டும் அப்படித்தான். அஸ்கார்பிக் அமிலம் மட்டும் கோட்டுக்குக் கீழே இருந்தால் பயனில்லை. நீருக்கு அடுத்த இரண்டு மூன்று இடங்களுக்குள் அது வந்தாக வேண்டும்.

"20 சதவீத வைட்டமின் சி காம்ப்ளெக்ஸ்" என்று எழுதியிருந்தால் அந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். 20 சதவீதம் என்பது காம்ப்ளெக்ஸின் அளவு. அந்தக் கலவைக்குள் வைட்டமின் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பழத்தின் சாறாகவே முழுவதும் இருக்கலாம்.

வைட்டமின் சி என்பது ஒரே ஆள் இல்லை

பட்டியலில் எந்தப் பெயரில் வந்திருக்கிறது என்பது சதவீதத்தைவிட முக்கியம். எல்-அஸ்கார்பிக் அமிலம் என்பதுதான் அசல் ஆள். தோலில் நடந்த ஆய்வுகளில் பெரும்பங்கு இதன்மேல்தான். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னெல் குழு பன்றித் தோலில் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படையாக நிற்கிறது. அதில் தெரிந்தவை: கரைசலின் பி.எச்., அதாவது புளிப்பைக் காட்டும் எண் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), 3.5க்குக் கீழே இருந்தால்தான் அது தோலுக்குள் இறங்கும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே போகும் அளவு அதற்குமேல் ஏறாது. தோலில் நிறைந்தபின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 4 நாள் ஆகும். ஆகவே 30 சதவீதம் என்று அடித்துக்கொள்கிற புட்டிக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். எரிச்சல்தான் கூடும். ஒரு நாள் காலை போட மறந்தாலும் குடி முழுகிவிடாது.

அதே குழு 2005இல் இன்னொன்றைக் காட்டியது. 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ இரண்டும் சேர்ந்த கரைசலில் 0.5 சதவீத ஃபெரூலிக் அமிலம் சேர்த்தபோது கரைசல் கெடாமல் கூடுதல் நாள் நின்றது. வெயில் பாதிப்பிலிருந்து தந்த பாதுகாப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இன்று நல்ல சீரம் என்று பெயர் வாங்கியவற்றில் பல இந்த மூவர் கூட்டணியின் வாரிசுகள். ஃபெரூலிக் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஃபெரூலா என்ற செடி வகையிலிருந்து. அதன் பிசினைத்தான் நாம் பெருங்காயம் என்று ரசத்தில் போடுகிறோம். அரிசித் தவிட்டிலும் ஃபெரூலிக் அமிலம் நிறைய இருக்கிறது. அதற்காகத் தவிட்டைக் குழைத்து முகத்தில் பூசினால் அதே பலன் வரும் என்று நான் சொன்னதாகப் போய்ச் சொல்லாதீர்கள்.

மற்றவர்கள் எல்லாம் உறவுக்காரர்கள். சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட், மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட், அஸ்கார்பில் குளுகோசைடு, எத்தில் அஸ்கார்பிக் அமிலம், எண்ணெயில் கரையும் டெட்ராஹெக்சில்டெசில் அஸ்கார்பேட். இவை அவ்வளவு சீக்கிரம் கெடா, எரிச்சலும் குறைவு. தோலுக்குள் போனபின் அசல் வைட்டமினாக மாற வேண்டும். எவ்வளவு மாறுகிறது என்பதில்தான் சந்தேகம். பரு வரும் தோலுக்கும், தொட்டாற்சுருங்கித் தோலுக்கும் நான் இவற்றைத்தான் முதலில் சொல்வேன். பலன் மெதுவாக வந்தாலும் பாதியில் நிறுத்தாமல் போடலாம் அல்லவா.

வைட்டமின் ஈ, டோகோபெரால் என்றும் டோகோபெரில் அசிடேட் என்றும் வரும். முன்னது நேரடியாக வேலை செய்யும். பின்னது தோலில் மாறிய பிறகு. வைட்டமின் சி அருகில் இருந்தால், செலவான வைட்டமின் ஈயை அது திரும்பவும் உயிர்ப்பிக்கும். ரெஸ்வெராட்ரால், கோஎன்சைம் கியூ10, கிரீன் டீ சாறு போன்றவை நல்ல சரக்குதான். ஆனால் கடைகளில் கிடைக்கும் புட்டிகளில் இவை பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே அலங்காரமாக வருகின்றன.

அந்த 1,800 ரூபாய்

விலை உயர்ந்த புட்டி பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கியது. அழகான அட்டைப் பெட்டி, மேலே முழுக்க கொரிய எழுத்து. உள்ளே இருக்கும் பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அதை ஒதுக்கி வைத்தேன். வெளிநாட்டு அழகுசாதனம் இங்கே விற்கப்பட வேண்டுமானால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எதுவும் இல்லை. உள்நாட்டுத் தயாரிப்பானால் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற வரி ஆகிய நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் நான் வாங்க மாட்டேன். விலையைப் பார்த்து மயங்காதீர்கள். போலி செய்கிறவன் மலிவான பொருளைப் போலியாகச் செய்ய மாட்டான்.

இதே இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். "ஒரே வாரத்தில் நிறம் மாறும்" என்று எவர் சொன்னாலும் அது ஆன்டிஆக்சிடன்ட் செய்யும் வேலை இல்லை. பாதரசமாக இருக்கலாம், ஸ்டீராய்டாக இருக்கலாம். அழகுசாதனத்தில் பாதரசம் சேர்ப்பது இந்தியாவில் தடை. ஸ்டீராய்டு களிம்பு டாக்டர் சீட்டுக்குத்தான் தர வேண்டும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தடவி, தோல் மெலிந்து சிவந்து, வெயிலில் நிற்க முடியாமல் வருகிற பெண்களை நான் வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அவர்களை ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குத்தான் அனுப்புகிறேன். சீரம் விற்பதில்லை.

புட்டியும் நிறமும்

மூன்றில் மிஞ்சியது 650 ரூபாய்ப் புட்டி. 15 சதவீத எல்-அஸ்கார்பிக் அமிலம், டோகோபெரால், ஃபெரூலிக் அமிலம். பழுப்புக் கண்ணாடி, சொட்டுக்குழாய் மூடி. பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கும். சொட்டுக்குழாய் எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுக் காற்று உள்ளே போகிறது. காற்றுப் புகாத பம்ப் இருந்தால் அதுதான் மேல். ஒளி ஊடுருவும் வெள்ளைக் கண்ணாடிப் புட்டியில் அஸ்கார்பிக் அமிலம் விற்கிறவர்களுக்கு வேதியியல் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கவலையில்லை.

புட்டியைத் திறந்த அன்றே வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியைப் புட்டியிலேயே பேனாவால் எழுதுங்கள். புது சீரம் நிறமில்லாமல் இருக்கும். ஃபெரூலிக் இருந்தால் இளம் வைக்கோல் நிறம். அது தேன் நிறமானால் பாதி போய்விட்டது. தேநீர் நிறமானால் குப்பைக்கூடைதான்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஐந்தாறு வருடம் முன்பு அக்னி நட்சத்திரத்தில் ஒரு சீரத்தை இணையத்தில் வரவழைத்தேன். எந்தக் கிடங்கில் எத்தனை நாள் வெந்ததோ, வந்ததே கொஞ்சம் மஞ்சளாக வந்தது. காசு கொடுத்தது வீணாகக் கூடாது என்று மாடியறைச் சன்னல் திட்டில் வைத்து இரண்டு மாதம் போட்டேன். முகம் வெளுக்கவில்லை, தலையணை உறைதான் பழுப்பானது. விரல் நகத்தடியும்கூட. அஸ்கார்பிக் அமிலம் கெட்டபின் உண்டாகும் பொருள்களில் ஒன்றான எரித்ருலோஸ், செயற்கையாகத் தோலைக் கருக்க விற்கும் களிம்புகளில் சேர்க்கும் பொருள். வெளுப்பதற்கென்று வாங்கியதைக் கருப்பதற்குப் பூசியிருக்கிறேன்.

நம் பகுதி வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைக்கிற எதுவும் மே மாதத்தில் வெந்துவிடும். குளியலறை அலமாரியும் வேண்டாம், ஈரமும் வெக்கையும் அங்கே கூடவே இருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள். உறைபெட்டியில் வைக்கத் தேவையில்லை.

பி.எச். தாள்

அசல் அஸ்கார்பிக் அமிலம் உள்ள, நீர் அடிப்படையிலான சீரத்துக்கு மட்டும் இது. பள்ளிக்கூட லிட்மஸ் போதாது. எண் காட்டும் பி.எச். தாள் வேண்டும். ஜார்ஜ் டவுன் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் வரிசையாக இரசாயனக் கடைகள் இருக்கின்றன, அங்கே கேளுங்கள். ஒரு துளியைத் தாளில் விட்டு, அரை நிமிடத்துக்குள் அட்டையோடு ஒப்பிடுங்கள். 3 ஒட்டி வந்தால் சரி. 5 வந்தால் அந்த அஸ்கார்பிக் அமிலம் பெரும்பாலும் தோலுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருக்கும். 2.5க்குக் கீழே போனால் உங்கள் தோல் திட்டும். பாஸ்பேட் வகைகளுக்கும் நியாசினமைடுக்கும் 5 முதல் 7 வரை இருப்பதுதான் முறை. அவற்றைக் குறை சொல்லாதீர்கள். எண்ணெய் சீரத்தில் தாள் எதையும் காட்டாது.

கஞ்சித் தண்ணீர்ச் சோதனை

இணையத்தில் ஆப்பிள் துண்டின்மேல் சீரம் தடவி, அது கறுக்கவில்லை பாருங்கள் என்று காட்டுகிறார்கள். வாழைப்பூவை ஆய்ந்து மோரில் போடுகிற நம் பாட்டிகளுக்கு அது என்ன அதிசயம்? புளிப்பு எதுவானாலும் காய் கறுப்பதைத் தடுக்கும். அதைக் கொண்டு மோரை முகத்துக்குப் பூசும் சீரம் என்று சொல்லிவிட முடியுமா.

அதைவிட நல்ல சோதனை ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. புண்ணுக்குப் போடும் பழுப்பு மருந்து, அதாவது பொவிடோன் அயோடின். அயோடின் மாவுச்சத்தோடு சேர்ந்தால் கருநீலமாகும். அஸ்கார்பிக் அமிலம் எலக்ட்ரானைக் கொடுத்து அயோடினை நிறமிழக்கச் செய்யும். தோலில் செய்ய வேண்டிய அதே வேலையை டம்ளரில் செய்யச் சொல்லி வேடிக்கை பார்க்கிறோம், அவ்வளவுதான்.

செய்முறை: சோறு வடித்த கஞ்சி ஒரு கரண்டியை ஆறவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி டம்ளரில் அரை அளவு கேன் தண்ணீர் விட்டு அதில் கஞ்சியைக் கலக்குங்கள். முதலில் சீரம் விடாமல் ஒரு துளி பழுப்பு மருந்தை விடுங்கள்; உடனே நீலம் வர வேண்டும். வராவிட்டால் கஞ்சியோ மருந்தோ சரியில்லை, சீரத்தின்மேல் பழி போடாதீர்கள். பிறகு டம்ளரைக் கழுவி, புதிதாகத் தண்ணீரும் கஞ்சியும் கலந்து, இம்முறை ஒரே ஒரு துளி சீரம் விட்டுக் கலக்குங்கள். இப்போது பழுப்பு மருந்தைத் துளித்துளியாக விட்டுக்கொண்டே ஸ்பூனால் கலக்குங்கள். ஒவ்வொரு துளியும் விழும்போது மேகம்போல் நீலம் கிளம்பும், உடனே கரைந்து மறையும். ஒரு கட்டத்தில் மறையாமல் நிற்கும். அதுவரை எத்தனை துளி என்று எண்ணி எழுதுங்கள்.

கணக்கு இதுதான். 10 சதவீத பொவிடோன் அயோடின் ஒரு துளி, ஏறக்குறைய 0.35 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலத்தைச் சாப்பிடும். 15 சதவீத சீரம் ஒரு துளியில் சுமார் 7.5 மில்லிகிராம் இருக்கும். ஆகவே 20 துளியை ஒட்டி நீலம் நிற்க வேண்டும். 10 சதவீத சீரமானால் 14 துளி. கடையில் 5 சதவீத மருந்தும் விற்கிறோம். அதைப் பயன்படுத்தினால் எண்ணிக்கை இரண்டு மடங்காகும், லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டுக்குழாய்க்குச் சொட்டுக்குழாய் துளி அளவு மாறும் என்பதால் இரண்டு மூன்று துளி முன்பின் வருவதைப் பெரிதாக்க வேண்டாம். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் அவளே எண்ணினாள். 650 ரூபாய்ப் புட்டி 18 துளி தாங்கியது. 300 ரூபாய்ப் புட்டி முதல் துளியிலேயே நீலமாகிவிட்டது. அவள் எதுவும் சொல்லாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு எச்சரிக்கை. பாஸ்பேட், குளுகோசைடு, எத்தில் போன்ற உறவுக்காரர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவை பூட்டிய நிலையில் இருப்பதால் அயோடினைப் பெரும்பாலும் கண்டுகொள்ளா. சோடியம் மெட்டாபைசல்பைட் போன்ற பொருள் பட்டியலில் இருந்தால் அதுவும் நீலத்தை அழிக்கும், எண்ணிக்கை ஏமாற்றும். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். டம்ளரைக் கழுவித் தனியாக வையுங்கள்.

முகத்துக்கு முன் முழங்கை

முழங்கையின் உட்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் ஏழு நாள் தடவுங்கள். முதல் ஒரு நிமிடம் சுருக்கென்று இருந்து அடங்கினால் அது அமிலத்தின் குணம். அரிப்பு, தடிப்பு, அடங்காத சிவப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் சோதனை போதாது. ஒவ்வாமை பல நேரம் நாலாம் நாள்தான் தலைகாட்டும்.

பாதி முகம், பன்னிரண்டு வாரம்

விளம்பரத்தில் "மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது" என்று வந்தால் நான் கேட்பது: இந்தப் புட்டியையே சோதித்தார்களா, உள்ளிருக்கும் ஒரு பொருளையா? எத்தனை பேர்? எத்தனை வாரம்? எதோடு ஒப்பிட்டார்கள்? "92 சதவீதம் பேர் பொலிவை உணர்ந்தார்கள்" என்றால் உணர்ந்தார்கள், அவ்வளவுதான், யாரும் அளக்கவில்லை. "தோல் மருத்துவர் சோதித்தது" என்பதற்குப் பெரும்பாலும் எரிச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள் என்றே பொருள். ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றல் இத்தனை மடங்கு என்று சோதனைக்குழாய் எண்ணைக் காட்டினால், அந்த எண்ணுக்கும் உங்கள் கன்னத்துக்கும் இடையே தோல் என்ற சுவர் நிற்கிறது.

நம் சோதனை அதைவிட நேர்மையானது. முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் சீரம். மறு பாதிக்கு இல்லை. சோப்பு, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. இந்தக் காலத்தில் வேறு எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. பேசியலும் வேண்டாம், பக்கத்து வீட்டு அக்கா தந்த கஸ்தூரி மஞ்சளும் வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே சன்னல், அதே நேரம், ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். தோலின் மேலடுக்கு ஒருமுறை புதுப்பிக்கவே நான்கு வாரம் ஆகும், வயதானால் இன்னும் கூடும். அதற்கு முன் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

போடும் முறை: காலையில் முகம் கழுவி ஈரம் ஒற்றி, நான்கைந்து துளி. அது காய்ந்தபின் மாய்ஸ்சரைசர், அதன்மேல் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். சன்ஸ்கிரீன் போடாமல் சீரம் மட்டும் போடுவது, கதவைத் திறந்துவைத்துவிட்டுக் கொசுவத்தி கொளுத்துவது. பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு போடுகிறவர்கள் அதை இரவுக்குத் தள்ளுங்கள். அது வைட்டமின் சியைக் கெடுத்துவிடும்.

இங்கே வடசென்னைக்காரர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மணலிப் புகை, எண்ணூர் சாம்பல், துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள். இதற்கெல்லாம் சீரம் காப்பா? ஓரளவு துணை, அவ்வளவே. வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுவது அதைவிட அதிகம் செய்யும். நெஞ்சுக்குள் போகிற புகைக்குக் கன்னத்தில் பூசி என்ன பயன்?

எலுமிச்சையைப் பற்றியும் கேட்பீர்கள். வேண்டாம். எலுமிச்சைச் சாறு தோலில் இருக்க வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுக்கும். அந்தக் கறை மாதக்கணக்கில் நிற்கும். நெல்லிக்காயைச் சாப்பிடுங்கள், பூச வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு. 30 மில்லி என்பது ஏறக்குறைய 600 துளி. ஒரு நாளைக்கு 5 துளி என்றால் 120 நாள் வரும். ஆனால் திறந்த அஸ்கார்பிக் அமிலம் நல்லபடி இருப்பது மூன்று மாதம்தான், அதுவும் ஃபிரிட்ஜில். கடைசி ஒரு மாதத்துக்குக் கெட்டதைப் பூசுவோம். 15 மில்லி கிடைத்தால் அதை வாங்குங்கள். மில்லிக்கு விலை கூடினாலும் அதுதான் லாபம்.

அவள் பத்தாவது வாரம் வந்தாள். பங்குனி வெயில் ஏறியிருந்தது. புட்டியைக் கூடவே எடுத்து வந்திருந்தாள், கஞ்சியும் ஒரு சின்ன டப்பாவில். எண்ணினோம், 11 துளியில் நீலம் நின்றுவிட்டது. "ஃபிரிட்ஜில்தான் வைத்தாயா?" என்றேன். முதல் ஐந்து வாரம் அலமாரியில்தான் இருந்ததாம். பன்னிரண்டாவது வாரம் செல்பேசியில் படங்களை வரிசையாகக் காட்டினாள். சீரம் போட்ட இடக்கன்னத்தில் மங்கின் ஓரம் கலங்கியிருந்தது, முன்போலக் கோடு போட்டாற்போல் இல்லை. மூக்கின் மேலும் நெற்றியிலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மூன்று மாதத்துக்கு இது நியாயமான கூலி என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு அத்தனை திருப்தியில்லை. மங்குக்கு வேறு மருந்தும் உண்டு, தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடரலாம் என்றேன். வலக்கன்னத்துக்கும் அன்றிலிருந்து போடத் தொடங்கினாள்.

இப்போது 15 மில்லி புட்டிதான் வாங்குகிறாள். ஃபிரிட்ஜ் கதவில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். அதன்மேல் அவளுடைய அம்மாவுக்காக ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: "இது கேசரிக்குப் போடும் எசென்ஸ் இல்லை."